அரிட்டாபட்டி பாறையும் அப்பத்தா குரலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்ததால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. நடுவுல டெக்னிக்கல் சமாச்சாரம் வரும், பயந்து ஓடிடாதீங்க. கடைசியில பரீட்சை எல்லாம் கிடையாது :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2012-ஆம் வருஷம். நான் ஒன்பதாவது முடிச்சிருந்தேன். மே மாச லீவுக்கு மேலூர் பக்கம் இருக்கிற எங்க கிராமத்துக்குப் போயிருந்தோம். கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி. (2012-ல தமிழ்நாட்டுல கரண்ட் இருந்த ராத்திரியைத்தான் தனியா சொல்லணும்.) திண்ணையில உட்கார்ந்து அப்பத்தா கதை சொல்ல ஆரம்பிச்சுச்சு. அப்பாவோட பட்டன் போன் என் கையில. அதுல ஒரு 2 ஜிபி மெமரி கார்டு. விளையாட்டா ரெக்கார்ட் பட்டனை அமுக்கி வச்சேன்.

நாப்பது நிமிஷம் ஓடுச்சு. அப்பத்தா சின்னப் பிள்ளையா இருந்தப்ப, ஒரு ஐப்பசி மழையில ஊர்க் கண்மாய் உடைய இருந்த கதை. ராத்திரி தமுக்கு அடிச்சு வீட்டுக்கு ஒரு ஆளை வரச் சொன்னது, மண்வெட்டியும் வைக்கப்பிரியும் மணல் சாக்குமா சனம் கரைக்கு ஓடினது, அப்பத்தாவோட தாத்தா உடைப்புக்குள்ள இடுப்பளவு தண்ணியில இறங்கி நின்னது... எல்லாம் சொல்லுச்சு. அந்தத் தாத்தா பேரு, அவரோட அப்பா பேரு, அவங்க எந்த ஊருல இருந்து கிளம்பி இங்க வந்து குடியேறினாங்கன்னும் வரிசையா சொல்லுச்சு. நான் பாதி தூக்கத்துல கேட்டேன். அதான் ரெக்கார்ட் ஆகுதேன்னு ஒரு தைரியம்.

அடுத்த வருஷம் அப்பத்தா தவறிடுச்சு. போன் மாறிச்சு. கார்டை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள்ள போட்டு அம்மா பீரோவுல வச்சுட்டாங்க. "இருக்கு, எங்க போகுது" அப்படிங்கிற நினைப்புல நானும் பத்து, பன்னெண்டு வருஷம் எடுக்கவே இல்லை.

2024 தீபாவளி லீவுக்கு வீட்டுக்குப் போனவன் அந்த டப்பாவை எடுத்தேன். கார்டு ரீடர்ல சொருகினா, "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?"ன்னு கேட்குது. லினக்ஸ்ல இருக்கிற எல்லா வித்தையும் காட்டிப் பார்த்தேன். மூணு ராத்திரி. ம்ஹூம். கடைசியில மதுரையில ஒரு கடையில கொடுத்தேன். அவர் ரெண்டு நாள் வச்சுப் பார்த்துட்டுச் சொன்னார்:

"செல்லு போச்சு தம்பி. இத்தனை வருஷம் கரண்டே காட்டாம வச்சிருக்கீங்க."

பொட்டி தட்டுறதுதான் நமக்குத் தொழில். இன்ஜினியரிங் காலேஜ்ல ஃபிளாஷ் மெமரி பத்தி 16 மார்க் கேள்விக்கு பதில் எழுதிப் பாஸ் ஆனவன். அவர் சொன்னது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அவ்வ்வ்வ்...

*

சரி, செல்லு ஏன் போச்சு?

1967-ல பெல் ஆய்வகத்துல டாவோன் காங், சைமன் சே அப்படின்னு ரெண்டு பேர் ஒரு யோசனையை வெளியிட்டாங்க. ட்ரான்சிஸ்டருக்குள்ள, நாலு பக்கமும் மின்சாரம் கடத்தாத சுவர் வச்சு, நடுவுல ஒரு சின்ன மிதக்கும் தட்டு. அதுக்குள்ள எலக்ட்ரானை அடைச்சுட்டா, கரண்ட் போனாலும் எலக்ட்ரான் அங்கேயே இருக்கும். இருந்தா ஒண்ணு, இல்லாட்டி இன்னொண்ணு. அதுதான் நினைவு.

மதுரைக்காரனுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா, அது ஒரு கண்மாய். கரைதான் அந்தச் சுவர். தண்ணிதான் எலக்ட்ரான். தண்ணி நின்னா '0', வத்திக் கிடந்தா '1'.

ஆனா இந்தக் கண்மாய்க்கு மடை கிடையாது. சுமார் 20 வோல்ட் அழுத்தம் கொடுத்து, கரையைத் துளைச்சுத்தான் எலக்ட்ரானை உள்ள தள்ளணும், வெளிய இழுக்கணும். குவாண்டம் விதிப்படி கரையில ஓட்டை விழாமலே எலக்ட்ரான் புகுந்து போயிடும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கரைக்குக் கொஞ்சம் சேதாரம்தான். அந்தக் கரையோட கனம் வெறும் ஏழெட்டு நானோமீட்டர்.

1971-ல இன்டெல் வெளியிட்ட ஈப்ராம் சிப்புல எழுதினதை அழிக்கணும்னா, சிப்பைக் கழட்டி புற ஊதா விளக்குக்குக் கீழ வைக்கணும். இந்தத் தொல்லைக்கு வழி கண்டுபிடிச்சவர் ஜப்பான்ல தோஷிபாவுல வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. ஒரு பெரிய தொகுதியை ஒரே அடியில மின்சாரத்தாலேயே அழிக்கிற முறையை 1984-ல உலகத்துக்குச் சொன்னார். கேமரா ஃபிளாஷ் மாதிரி பளிச்னு அழியுதேன்னு அவரோட வேலை பார்த்தவர் வச்ச பேர்தான் 'ஃபிளாஷ்'. 1987-ல நேண்ட் வகை வந்துச்சு. இன்னைக்கு நம்ம போன், பென் டிரைவ், எஸ்எஸ்டி எல்லாத்துலயும் இருக்கிறது அந்த வம்சம்தான்.

கவனிச்சீங்களா? இதுக்குப் பேர் வச்சதே அது எவ்வளவு வேகமா அழியும்னு பார்த்துத்தான் :-(

மசுவோகா கதையும் சோகம்தான். பிற்பாடு தனக்குச் சேர வேண்டிய பங்குக்காக 2004-ல தோஷிபா மேல கேஸ் போட்டார். 2006-ல 8.7 கோடி யென்னுக்குச் சமரசமா முடிஞ்சுச்சு. இந்தத் துறையோட மொத்த வியாபாரத்துக்கு முன்னாடி அது பொரிகடலைக் காசு.

கண்மாய்க்கு வருவோம். ஆரம்பத்துல ஒரு செல்லுல ஒரு பிட். தண்ணி இருக்கா இல்லையான்னு மட்டும் பார்த்தா போதும். அப்புறம் விலையைக் குறைக்கணும்னு ஒரே செல்லுல ரெண்டு பிட், மூணு பிட், நாலு பிட்னு திணிக்க ஆரம்பிச்சாங்க. நாலு பிட்டுன்னா ஒரே கண்மாய்ல பதினாறு விதமான நீர்மட்டத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். கொஞ்சம் கசிஞ்சாலும் கணக்கு தப்பிடும். லட்சம் தடவை அழிச்சு எழுதலாம்னு இருந்த செல்லு, ஆயிரம் தடவை அளவுக்கு இறங்கிடுச்சு.

இன்னொரு எதிரி வெயில். சூடு ஏற ஏற எலக்ட்ரான் கசியுற வேகமும் ஏறும். ஜெடெக்னு ஒரு தர நிர்ணய அமைப்பு இருக்கு. சாதாரண ஆள் வாங்குற எஸ்எஸ்டிக்கு அவங்க வச்சிருக்கிற விதி இது: எழுத வேண்டிய அளவு முழுசும் எழுதித் தேய்ஞ்ச பிறகு, கரண்ட் இல்லாம 30 டிகிரியில ஒரு வருஷம் தகவல் தாங்கணும். அவ்வளவுதான். புது சிப்பு இதைவிட எத்தனையோ வருஷம் கூடத் தாங்கும், உண்மைதான். ஆனா 30 டிகிரி? மதுரையில சித்திரை மாசம் பீரோவுக்குள்ள என்ன சூடு இருக்கும்னு ஜெடெக்காரங்க வந்து பார்த்திருக்க மாட்டாங்க.

நல்ல எஸ்எஸ்டின்னா உள்ள ஒரு கன்ட்ரோலர் இருக்கும். கரண்ட் இருக்கிறப்ப ஓசையில்லாம சுத்தி வந்து, கசிஞ்ச இடத்தைக் கண்டுபிடிச்சு, அங்க இருக்கிறதை எடுத்து வேற இடத்துல புதுசா எழுதி வைக்கும். இதுக்கு நம்ம ஊர்ல பழைய பேர் ஒண்ணு இருக்கு: குடிமராமத்து. வருஷா வருஷம் ஊரே சேர்ந்து கண்மாயைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்துறது. அதை நிறுத்தினா கண்மாய் என்ன ஆகும்னு மதுரை ஜில்லாவுல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் கார்டுக்கு பன்னெண்டு வருஷம் மராமத்து நடக்கலை. கண்மாய் கதை சொன்ன குரல், கரை கசிஞ்சு போயிடுச்சு.

*

இங்க இருந்து அரிட்டாபட்டிக்கு எப்படிப் போனேன்னு சொல்றேன்.

ஒரு கட்டத்துல சிப்புல செல்லை இதுக்கு மேல சின்னதாக்க முடியலை. பக்கத்துப் பக்கத்துக் கண்மாய்த் தண்ணி ஒண்ணோட ஒண்ணு கலக்க ஆரம்பிச்சுச்சு. தரையில இடம் இல்லைன்னா என்ன பண்ணுவோம்? மாடி கட்டுவோம். 2013-ல சாம்சங் 24 அடுக்கு வச்சு 3டி நேண்ட் தயாரிக்க ஆரம்பிச்சுது. 2024 நவம்பர்ல எஸ்கே ஹைனிக்ஸ் 321 அடுக்குக்குப் போயிடுச்சு. மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்துக்கு நிலை ஒன்பது. இது விரல் நகத்து அளவுல 321 நிலைக் கோபுரம்!

இந்தக் கோபுரத்துல ஒவ்வொரு மாடிக்கும் மின்சாரம் கொண்டு போக ஒரு உலோகத் தகடு வேணும். முதல்ல ரெண்டு வகைப் படலத்தை மாத்தி மாத்தி அடுக்குவாங்க. மேல இருந்து கீழ வரைக்கும் துளை போடுவாங்க. அப்புறம் ஒரு வகைப் படலத்தை மட்டும் கரைச்சு எடுத்துட்டு, அந்த இடுக்குல உலோகத்தை வாயுவா அனுப்பிப் படிய விடுவாங்க. அந்த உலோகம், டங்ஸ்டன். (இப்ப சில இடத்துல மாலிப்டினத்துக்கு மாற ஆரம்பிச்சிருக்காங்க.)

என் கார்டு செத்துப்போன காரணத்தைத் தேடி ராத்திரி முழுக்க இதையெல்லாம் படிச்சுக்கிட்டு இருந்த அதே நவம்பர்ல, ஊர்ல இருந்து வாட்சப்ல ஒரு செய்தி. மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம், சுமார் 2,015 ஹெக்டேர், மத்திய அரசு ஏலம் விட்டாச்சு, இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி எடுத்திருக்கு. அந்த வட்டத்துக்குள்ள அரிட்டாபட்டி.

டங்ஸ்டன்! ஒரு நிமிஷம் திக்குனு ஆயிடுச்சு.

நேர்மையாச் சொல்லிடணும். உலகத்துல எடுக்கிற டங்ஸ்டன்ல பெரும்பகுதி துளை போடுற, வெட்டுற கருவிகளுக்குத்தான் போகுது. சிப்புக்குப் போறது கொஞ்சம்தான். அதனால "பென் டிரைவுக்காக அரிட்டாபட்டியை அழிக்கப் பார்த்தாங்க"ன்னு நான் கதை கட்டலை. ஆனாலும், புது நினைவுக்கு வேண்டிய உலோகம், தமிழோட மிகப் பழைய நினைவு எழுதியிருக்கிற பாறைப் பக்கம் கிடக்கு. இது மனசை விட்டுப் போகவே இல்லை.

*

அரிட்டாபட்டி மதுரையில இருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஏழு குன்று, நிறைய கண்மாய், சுனை. ராஜாளி, வல்லூறு வாழற இடம். 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. இங்க கழிஞ்சமலையில ஒரு குகைத்தளம். சமணத் துறவிகள் தங்குறதுக்காகச் செதுக்கினது. மேல பாறையில மழைத்தண்ணி உள்ள வழியாம இருக்க ஒரு விளிம்பு வெட்டியிருப்பாங்க. அதை ஒட்டி தமிழி எழுத்துல ரெண்டு கல்வெட்டு. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல ஆச்சு.

ஒண்ணு சொல்றது: நெல்வெளியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் இந்தக் குகையைக் கொடுப்பித்தான். இன்னொண்ணு சொல்றது: இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் இந்தக் குகையைக் கொடுப்பித்தான்.

அவ்வளவுதான் தகவல். யார், எந்த ஊர், யார் மகன், என்ன செஞ்சான். யூனிகோட்ல தட்டினா ஒரு கல்வெட்டு 200 பைட்டு கூட வராது. என்னோட 2 ஜிபி கார்டுல இந்த மாதிரி ஒரு கோடி கல்வெட்டு எழுதலாம்.

ஆனா பாருங்க... ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த எமயவனோட அப்பா பேர் எனக்குத் தெரியும். என் அப்பத்தாவோட தாத்தா பேர் எனக்குத் தெரியாது.

*

"அப்ப கல்லுதான் பெஸ்ட்டா?"ன்னு கேட்டா, அவசரப்படாதீங்க.

முதல் சிக்கல், படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். அரிட்டாபட்டிக்குப் பக்கத்துலயே மாங்குளம் இருக்கு. பாண்டியன் நெடுஞ்செழியன் பேர் வர்ற கல்வெட்டு அங்கதான். ராபர்ட் சீவெல் அதைக் கண்டு பதிஞ்சது 1882-ல. அதுல இருக்கிற மொழி தமிழ்தான்னு கே.வி. சுப்ரமணிய ஐயர் நிறுவினது 1924-ல. நெடுஞ்செழியன் பேரை ஐராவதம் மகாதேவன் படிச்சுச் சொன்னது 1960-களில். ஃபைல் ஒரு எழுத்து கெடாம பாறையில அப்படியே இருக்கு. ஆனா பல நூற்றாண்டு காலம் அதைத் திறக்கிற சாஃப்ட்வேர் நம்ம யார் தலையிலயும் இல்லை. அரிட்டாபட்டி கல்வெட்டுல ஒண்ணு தெரிய வந்தது 1971-ல. இன்னொண்ணு 2003-ல! கீழ ஆடு மேய்ச்சவன், மேல ஏறி விளையாடினவன் எல்லாம் அதைக் கடந்துதான் போயிருப்பான்.

ரெண்டாவது சிக்கல், கல்லுக்கும் விலை உண்டு. மேலூர் வட்டாரத்துல கிரானைட் குவாரி எத்தனை குன்றைத் தின்னுச்சுன்னு ஊருக்கே தெரியும். 2014-ல உயர் நீதிமன்றம் சகாயம் ஐஏஎஸ்ஸை விசாரிக்கச் சொல்லி, அவர் 2015-ல அறிக்கை கொடுத்தார். மழை, வெயில், இடி எல்லாத்தையும் தாங்கின பாறை, மனுஷன் வச்ச வெடியைத் தாங்காது.

ஆக, அரிட்டாபட்டிப் பாறை இன்னைக்கும் நிக்குதுன்னா அதுக்குக் காரணம் பாறையோட கெட்டித்தனம் மட்டும் இல்லை. 2024 நவம்பர்ல சுத்துப்பட்டு ஊரெல்லாம் கிராம சபை கூட்டி, சுரங்கம் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. டிசம்பர்ல சட்டசபையும் தீர்மானம் போட்டுச்சு. 2025 ஜனவரி 7 அன்னைக்கு நரசிங்கம்பட்டியில இருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்கு ஆயிரக்கணக்கான விவசாயிங்க பேரணியா வந்தாங்க. ஜனவரி 23-ல மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. அப்பத்தா கதையில தமுக்கு அடிச்சதும் சனம் கரைக்கு ஓடுச்சே, அதே மாதிரி. கரை தானா நிக்கலை. ஆளு நின்னதால நின்னுச்சு.

*

கல்லுக்கும் சிலிக்கானுக்கும் நடுவுல நம்ம ஆளுங்க ரொம்ப காலம் நம்பினது ஓலையை. நம்பகத்தன்மை சோதனை நடத்தினதும் நம்ம ஊர்லதான். திருஞானசம்பந்தரோட ஏடு நெருப்புல வேகாம, வைகை வெள்ளத்தை எதிர்த்து நீந்தி, சோழவந்தான் பக்கம் திருவேடகத்துல கரை சேர்ந்துச்சுன்னு ஸ்தல புராணம். எந்த எஸ்எஸ்டி கம்பெனியும் இந்த டெஸ்ட் பண்ணத் தயாரா இருக்காது :-)

ஆனா நிஜ ஓலைக்கு ஆயுசு கம்மி. ஈரம், பூச்சி, செல். ஆமாங்க, ஓலையை அரிச்சதும் செல்லுதான். கடைக்காரர் "செல்லு போச்சு"ன்னு சொன்னப்ப எனக்கு ஞாபகம் வந்தது இந்தச் செல்தான்.

அப்படின்னா சங்கப் பாட்டு எப்படி நம்ம கை வரைக்கும் வந்துச்சு? ரெண்டாயிரம் வருஷப் பாட்டு, ஆனா ரெண்டாயிரம் வருஷ ஓலை எதுவும் கையில இல்லை. ஏடு பழசாச்சுன்னா யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுத்தாணியால புது ஏட்டுல பெயர்த்து எழுதுவார். அது பழசானா இன்னொருத்தர். இடையில எழுத்தே தமிழி, வட்டெழுத்துன்னு மாறிக்கிட்டு வந்திருக்கு. படி எடுத்தவங்க புது எழுத்துக்கு மாத்திக்கிட்டே வந்திருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா பேக்கப், ரெஃப்ரெஷ், ஃபார்மட் கன்வர்ஷன் மூணும் ஒரே ஆள், ஒரே எழுத்தாணி. படி எடுக்க ஆள் இல்லாத நூல் போயிடுச்சு, அவ்வளவுதான்.

எப்படிப் போச்சுன்னு உ.வே.சா. எழுதி வச்சிருக்கார். கரிவலம்வந்தநல்லூர்ல ஏடு தேடிப் போனா, பழைய ஏட்டை எல்லாம் சாஸ்திரப்படி நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டுட்டோம்னு சொல்லியிருக்காங்க. ரொம்ப மரியாதையா டெலீட் பண்ணியிருக்காங்க. மிஞ்சினதை அவரை மாதிரி ஆளுங்க தேடி எடுத்து அச்சுல ஏத்தினாங்க. சீவக சிந்தாமணி 1887, சிலப்பதிகாரம் 1892. மதுரையில பாண்டித்துரைத் தேவர் 1901-ல நாலாம் தமிழ்ச் சங்கம் ஆரம்பிச்சு, ஏடு சேர்த்து, செந்தமிழ்ப் பத்திரிகை நடத்தி, பதிப்பிச்சதும் இதே வேலைதான்.

அடுத்த படி எடுத்தவங்களும் 'மதுரை'தான். 1998 பொங்கல் அன்னைக்கு, சுவிட்சர்லாந்து லோசான்ல இருந்த கல்யாணசுந்தரம் முன்னெடுத்து ஆரம்பிச்ச மதுரைத் திட்டம். உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் வேலை முடிஞ்சு வந்து ராத்திரி உட்கார்ந்து, சங்க இலக்கியத்துல இருந்து தட்டித் தட்டி ஏத்தினாங்க. அந்தக் காலத்துல ஆளுக்கு ஒரு எழுத்துரு. இணைமதி, மயிலை, அப்புறம் டிஸ்கி, அப்புறம் யூனிகோட். ஒவ்வொரு மாத்தத்துக்கும் எல்லாத்தையும் மாத்தணும். மாத்தினாங்க. அதனாலதான் இன்னைக்கு நம்ம போன்ல புறநானூறு திறக்குது. அதே காலத்துல ஏதோ ஒரு எழுத்துருவுல எழுதி ஃப்ளாப்பியில போட்டு வச்ச எத்தனை பேர் கதை, கவிதை எல்லாம் இப்ப எங்க இருக்கு? உங்க வீட்டு அலமாரியிலயே ஒண்ணு ரெண்டு கிடக்கும்.

*

இனிமே என்ன வரப் போகுது?

ஃபிளாஷை ஓரங்கட்டும்னு 2015-ல இன்டெலும் மைக்ரானும் 3டி எக்ஸ்பாயின்ட்னு ஒண்ணை அறிவிச்சாங்க. ஆப்டேன்னு பேர் வச்சு 2017-ல கடைக்கு வந்துச்சு. வேகம், உழைப்பு ரெண்டும் அருமை. விலைதான் கட்டுப்படி ஆகலை. 2021-ல மைக்ரான் விலகிடுச்சு, 2022-ல இன்டெலும் கடையைச் சாத்திடுச்சு. காந்தத்துல எழுதுற எம்ரேம், மின்தடையில எழுதுற ரீரேம்னு வரிசையில நிறைய பேர் நிக்கிறாங்க. சின்னச் சின்ன இடத்துல வேலையும் பார்க்கிறாங்க. ஆனா நேண்ட் விலைக்கு யாரும் இறங்கி வரலை.

நூத்துக்கணக்கான வருஷம் தாங்கணும்னு தனியா ஒரு கூட்டம் யோசிக்குது. ஹார்வர்டுல ஜார்ஜ் சர்ச் குழு 2012-ல ஒரு முழுப் புத்தகத்தை டிஎன்ஏவுல எழுதிக் காட்டினாங்க. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்துல 2013-ல கண்ணாடிக்குள்ள லேசரால எழுதினாங்க. மைக்ரோசாஃப்ட் 2019-ல கை அளவு கண்ணாடிச் சில்லுல சூப்பர்மேன் படத்தையே செதுக்கி வச்சுது. கொதிக்கிற தண்ணி, அவன் சூடு, காந்தம் எதுவும் ஒண்ணும் பண்ணாதாம். கண்ணாடி என்ன? உருக்கின மணல். மணல் என்ன? பொடியான கல். சுத்திச் சுத்தி கழிஞ்சமலைக்கே வந்துட்டோம். உளிக்கு பதில் லேசர்.

ஆனா அந்தக் கண்ணாடியைப் படிக்கிற மெஷினும், அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளும் ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு இருப்பாங்களா? மாங்குளம் கேட்ட கேள்வி அப்படியே இருக்கு. அந்தச் சில்லு கிடக்கிற குன்றுக்கு அடியில அன்னைக்கு எந்த உலோகம் கிடக்கும்? அரிட்டாபட்டி கேட்ட கேள்வியும் அப்படியே இருக்கு.

எனக்குப் புரிஞ்சது இதுதான். எதுல எழுதினோம்கிறது பாதிக் கணக்கு. மீதி, எழுதினதை யார் எடுத்துப் பார்க்கிறாங்க, யார் படி எடுக்கிறாங்க அப்படிங்கிறது. கல்லு ரெண்டாயிரம் வருஷம் பார்க்காம விட்டாலும் பொறுத்துக்கும். ஓலை சில தலைமுறை பொறுத்துக்கும். மெமரி கார்டு சில வருஷம்தான் பொறுக்கும். நாமளோ கல்லை நம்பின மாதிரி கார்டை நம்பிக்கிட்டு இருக்கோம்.

*

2025 பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை அரிட்டாபட்டி போய்ட்டு, அப்படியே எங்க ஊருக்குப் போனேன். அப்பத்தாவோட தங்கச்சி, எங்க சின்ன அப்பத்தா இருக்கு. எண்பது தாண்டிடுச்சு. காது கொஞ்சம் மந்தம்.

"சின்னப்பத்தா, கண்மாய் உடைய இருந்த கதை சொல்லு"ன்னு கத்திக் கேட்டேன்.

"அத எங்கக்கா சொல்லணும்யா. அவ சொன்னாத்தான் நல்லா இருக்கும்"னுச்சு. அப்புறம் சொல்லுச்சு. இருபது நிமிஷம். இதுல தமுக்கு வரலை. ஆனா அப்பத்தா சொல்லாத ஒண்ணு வந்துச்சு. கரையில நின்ன ஆம்பளைங்களுக்கு விடிய விடிய பொம்பளைங்க கேப்பைக் கூழ் காய்ச்சிக் கொண்டு போய்க் கொடுத்தாங்களாம்.

உடைப்புல இறங்கின தாத்தா பேர் என்னன்னு கேட்டேன். சட்டுனு சொல்லுச்சு.

"அவரோட அப்பா பேரு?"

கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. "அது அக்காவுக்குத்தான்யா தெரியும்."

ஒரு பேர் கிடைச்சுது. ஒரு பேர் போனது போனதுதான்.

கிடைச்சதை போன்ல, வெளி ஹார்டு டிஸ்க்ல, பெங்களூர்ல இருக்கிற தங்கச்சி லேப்டாப்லன்னு மூணு இடத்துல போட்டிருக்கேன். உட்கார்ந்து முழுசையும் யூனிகோட்ல தட்டி, பிரிண்ட் எடுத்து அப்பாகிட்ட ஒண்ணு கொடுத்தேன். வருஷா வருஷம் பொங்கல் லீவுல எல்லாத்தையும் திறந்து பார்த்து, புதுசுல ஒரு படி போடுறதுன்னு முடிவு. எங்க வீட்டுக் குடிமராமத்து.

நீங்களும் இந்த வாரக் கடைசியில அந்த டப்பாவைத் திறங்க மக்களே. பழைய கார்டு, பென் டிரைவ், கல்யாண சிடி, எது இருந்தாலும் ஒரு தடவை சொருகிப் பாருங்க. படிச்சா உடனே படி எடுங்க. படிக்கலைன்னா, அந்தக் கதையைச் சொல்லத் தெரிஞ்ச ஆள் வீட்டுல இன்னும் யாராவது இருக்காங்களான்னு பாருங்க.

பி.கு.: அந்த 2 ஜிபி கார்டை இன்னும் தூக்கிப் போடலை. பிஸ்கட் டப்பாவுலயேதான் இருக்கு. ஏன்னு கேட்காதீங்க.